ஃபேன் ஓடியது, காற்று வரவில்லை: வேளச்சேரியில் ஒரு ஓவர்ஹீட் கேஸ்

வண்டி 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக். ஏழு வருடப் பழசு, எண்பதாயிரம் கிலோமீட்டரைத் தாண்டியது. எங்கள் அடுக்ககத்தின் கீழ்வீட்டு சார் தினமும் இதில்தான் வேளச்சேரியிலிருந்து சிறுசேரி சிப்காட் போய் வருகிறார். மாலையில் ஓ.எம்.ஆர் நெரிசலில் மாட்டினால் முதலில் ஏ.சி.யின் குளிர் குறைகிறது, கொஞ்ச நேரத்தில் அது வெறும் காற்றாகிறது, அப்புறம் டெம்பரேச்சர் விளக்கு சிவப்பாகச் சிமிட்டுகிறது. ரோடு காலியாகி வண்டி ஓட ஆரம்பித்தால் எல்லாம் தானாக அடங்கிவிடுகிறது. இதுதான் புகார்.

என்னிடம் வருவதற்கு முன்பே இரண்டு வைத்தியம் முடிந்திருந்தது. குளிர் குறைந்ததும் ஏ.சி.க்கு கேஸ் ஏற்றியிருந்தார்கள். விளக்கு எரிய ஆரம்பித்ததும் ஒரு பட்டறையில் 'சர்க்குலேஷன் சரியில்லை' என்று ஏதோ செய்து அனுப்பினார்கள். என்ன செய்தார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை, பில்லிலும் 'லேபர்' என்ற ஒரு சொல்தான் இருந்தது. மூன்றாவதாகத்தான் பெரிய குண்டு வந்தது.

"தம்பி, ஹெட் கேஸ்கட் போயிருக்கும், ஹெட்டை இறக்கணும்னு சொல்றாங்க. இருபத்தஞ்சாயிரம் கிட்ட ஆகுமாம். நீங்க ஒரு தடவை பாத்துட்டுச் சொல்லுங்க, அப்புறம் குடுக்கலாம்."

"பார்க்கலாம் சார். ஆனா ஸ்பேனரை எடுக்கறதுக்கு முன்னாடி நாலு கேள்வி கேக்கணும்."

எல்லாக் கேள்வியும் 'எப்போது' என்பதைப் பற்றித்தான். நிற்கும்போதா, ஓடும்போதா? ஏ.சி. போட்டாலா, போடாமலுமா? மேம்பாலம் ஏறும்போதா, சிக்னலிலா? ஈ.சி.ஆரில் எண்பதில் போனால் என்ன ஆகிறது? அவர் பதில் தெளிவாக இருந்தது. மாமல்லபுரம் வரை குடும்பத்தோடு ஏ.சி. போட்டுப் போய் வந்திருக்கிறார், ஒன்றும் ஆகவில்லை. சோழிங்கநல்லூர் சிக்னலிலும், மெட்ரோ வேலையால் சாலை குறுகிக் கிடக்கும் இடங்களிலும்தான் தொல்லை.

இந்தப் பதிலிலேயே ஹெட் கேஸ்கட் (எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் கீழ்ப்பகுதிக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடு) மீதான சந்தேகம் பெருமளவு குறைந்துவிட்டது. பெட்ரோல் எரிந்து வரும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எஞ்சினைச் சுழற்றும் வேலையாகிறது, ஒரு பங்கு புகையோடு வெளியேறுகிறது, மீதி ஒரு பங்கை எஞ்சினுக்குள் சுற்றி ஓடும் கூலன்ட் என்ற குளிர்விக்கும் திரவம்தான் ரேடியேட்டருக்குக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். வேகமாக ஓடும்போது எஞ்சின் நிறைய வெப்பம் உண்டாக்கும், ஆனால் எதிர்க்காற்றும் நிறைய கிடைக்கும். அப்போது சூடானால் குற்றவாளி நீரோட்டத்தின் பக்கம் இருப்பான்: அடைத்த ரேடியேட்டர், திறக்காத தெர்மோஸ்டாட் (கூலன்ட் சூடேறியதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் வால்வு), தேய்ந்த வாட்டர் பம்ப், கசியும் கேஸ்கட். நிற்கும்போது வெப்பம் குறைவு, ஆனால் எதிர்க்காற்றே கிடையாது. ஃபேன் இழுப்பதுதான் காற்று. அப்போது மட்டும் சூடானால் காற்றோட்டத்தைத்தான் பார்க்க வேண்டும். விதிவிலக்கு உண்டு, இருந்தாலும் தேடலை எங்கே தொடங்குவது என்பதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

இதில் ஏ.சி.யும் சேர்ந்துகொள்கிறது. ஏ.சி. தன் சூட்டை வெளியே விடும் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. கத்திரி வெயிலில் 40 டிகிரியில் இருக்கும் காற்று கண்டென்சரின் சூட்டையும் வாங்கிக்கொண்டுதான் ரேடியேட்டரைத் தொடும். கூலன்ட்டுக்கும் காற்றுக்கும் உள்ள வித்தியாசம்தான் வெப்பத்தை வெளியே தள்ளுகிறது. அந்த வித்தியாசம் சுருங்கும்போது ஃபேன் கொஞ்சம் சோம்பினாலும் தாங்காது. இன்னொன்று: காற்று போதவில்லை என்றால் முதலில் ஏ.சி.தான் அடி வாங்கும், எஞ்சின் அடுத்தது. சார் சொன்ன வரிசையும் இதுதான். கேஸ் ஏற்றியவர்கள் பார்க்கத் தவறியது அது.

"ஆனா ஃபேன் ஓடுதே தம்பி, நானே பாத்தேன்" என்றார். உண்மைதான், ஓடியது. அதனால்தான் யாரும் அந்தப் பக்கம் போகவே இல்லை.

குளிர்ந்த எஞ்சினில் பார்த்தவை

மறுநாள் காலை வண்டியை எடுப்பதற்கு முன் ஸ்டில்ட் பார்க்கிங்கில் பானெட்டைத் திறந்தேன். ரேடியேட்டர் மூடியைக் குளிர்ந்த எஞ்சினில் மட்டும்தான் திறக்க வேண்டும். சூடாக இருக்கும்போது உள்ளே அழுத்தத்தில் 110 டிகிரியில் தண்ணீராகவே இருக்கும் கூலன்ட், மூடி கழன்ற நொடியில் ஆவியாகி முகத்தில் அடிக்கும். மூடியில் 1.1 பார் என்று போட்டிருந்தால், அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் கெட்டுவிட்டால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். சின்னச் சாமான்தான், ஆனால் அலட்சியப்படுத்தக் கூடாது.

உள்ளே இருந்தது கூலன்ட்டுக்குரிய பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை, டீக்கடை டிகாஷன் நிறம். மட்டம் சரியாக இருந்தது. குடிதண்ணீரில் கரைந்த உப்பைப் பார்க்கும் டி.டி.எஸ். மீட்டர் வேளச்சேரியில் பாதி வீடுகளில் உண்டு. அதில் எங்கள் போர் தண்ணீரைப் பார்த்தவர்களுக்கு இந்த நிறம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. யாரோ பட்டறைக் குழாயிலிருந்து பிடித்து ஊற்றியிருக்கிறார்கள். அதிலுள்ள சுண்ணாம்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படியும், உப்பு அலுமினியத்தை அரிக்கும். இது தனியாகத் தீர்க்க வேண்டிய கேடு. ஆனால் நெடுஞ்சாலையில் சூடாகாத வண்டியில் இது முதல் காரணமாக இருக்க முடியாது.

கேஸ்கட்டையும் வாய்வார்த்தையில் விடவில்லை. ஆயில் மூடியின் அடியில் வெளிறிய பிசுக்கு இல்லை. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த முதல் நிமிடத்தில் மேல் ஹோஸ் இறுகிப் புடைக்கவில்லை. மூடியைத் திறந்து வைத்து ரேஸ் கொடுத்தபோது தொடர்ந்து குமிழி வரவில்லை. புகைக் குழாயில் இனிப்பு வாசனையோ விடாத வெள்ளைப் புகையோ இல்லை. சந்தேகம் மிச்சமிருந்தால், எஞ்சினுக்குள் எரிந்த புகை கலந்தால் நீலத்திலிருந்து மஞ்சளாகும் திரவத்தை வைத்துச் செய்யும் சோதனை ஒன்று இருக்கிறது. இங்கே அதற்குத் தேவை வரவில்லை.

ஓட்டிப் பார்த்ததும் வந்த ஆச்சரியம்

இந்த வண்டியில் டெம்பரேச்சர் முள் கிடையாது. நீல விளக்கு, சிவப்பு விளக்கு, நடுவில் ஒன்றும் இல்லை. இப்படி முள்ளைப் பிடுங்கி விளக்கை மட்டும் கொடுத்தது வண்டி செய்பவர்களுக்கு மிச்சம், ஓட்டுபவருக்கு நஷ்டம் என்பது என் கருத்து. ரிச்சி தெரு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும் சின்ன ஓ.பி.டி. (வண்டியின் அளவுகளைப் படிக்கும்) புளூடூத் கருவியை ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகி, எஞ்சினை நிர்வகிக்கும் கணினியான இ.சி.யூ. பார்க்கும் அதே எண்ணை ஃபோனில் பார்த்தோம்.

விடியற்காலையில் ஈ.சி.ஆரில் எண்பதில் போனபோது கூலன்ட் 70 டிகிரியிலேயே நின்றது. ஏறவே இல்லை. இந்த எஞ்சினுக்கு 82 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட். அது இருந்தால், வேலை செய்தால், எண்பதுக்குக் கீழே தங்கவே முடியாது. சூடாகிறது என்று வந்த வண்டி காலியான ரோட்டில் தேவையைவிடக் குளிர்ச்சியாக ஓடுகிறது! பட்டறை பில்லில் இருந்த 'லேபர்' என்னவென்று அப்போதுதான் புரிந்தது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றித் தூக்கிப் போட்டிருக்கிறார்கள்.

இது நம் ஊரில் ரொம்பப் பழைய பழக்கம். 'இந்த வெயிலுக்கு அதெல்லாம் தேவையில்லை சார், எடுத்துட்டா எப்பவும் தண்ணி ஓடிக்கிட்டே இருக்கும்' என்பார்கள். கேட்கச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் தெர்மோஸ்டாட்டின் வேலை வெளி வெயிலைப் பார்ப்பதல்ல, எஞ்சினைச் சரியான சூட்டில் பிடித்து வைப்பது. 70 டிகிரியில் ஓடும் எஞ்சினை இ.சி.யூ. இன்னும் சூடேறாத எஞ்சின் என்று எண்ணிப் பெட்ரோலைக் கூடுதலாகக் கொடுக்கலாம். ஆயிலில் சேரும் ஈரமும் பெட்ரோலும் முழுதாக ஆவியாகாது, தேய்மானம் கூடும். சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் பின்புறத் தட்டு பைபாஸ் வழியை அடைக்கும். அப்படிப்பட்டதில் அதை எடுத்துவிட்டால் ஒரு பகுதிக் கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமலே குறுக்கு வழியில் எஞ்சினுக்குத் திரும்பிவிடும். குளிர வைப்பதாக நினைத்துச் செய்வது சூடாக்கும். சாரிடம் மைலேஜ் கேட்டேன். "பதினாறு குடுத்தது, இப்போ பதிமூணு. டிராஃபிக்னு நெனச்சேன்" என்றார்.

ஆனால் அந்தத் தப்பான வைத்தியம் தேடலுக்கு உதவவும் செய்தது. தெர்மோஸ்டாட் இல்லாமல், தடையின்றி ஓடும் கூலன்ட் எதிர்க்காற்றில் 70 டிகிரிக்கு இறங்குகிறது என்றால் பம்ப் தள்ளுகிறது, ரேடியேட்டர் வழி விடுகிறது. மாலையில் துரைப்பாக்கம் பக்கம் நெரிசலில் அதே எண் 94, 101, 107 என்று ஏறியது. 110ஐத் தொட்டதும் இ.சி.யூ. ஏ.சி. கம்ப்ரசரை வெட்டியது. ஏ.சி. அணைந்தது பழுதல்ல, எஞ்சினைக் காப்பாற்ற அது செய்யும் வேலை. ஏறிய நேரம் முழுக்க ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அங்கேயே ஏ.சி. ஸ்விட்சை அணைத்து, ஜன்னலை இறக்கி, ஹீட்டரை முழுசாகத் திறந்தோம். சென்னையில் ஹீட்டர் குமிழைத் தொட்டே பார்க்காதவர்கள் ஏராளம், ஆனால் அதற்குள் இருப்பது இன்னொரு குட்டி ரேடியேட்டர். வியர்த்து ஊற்றினாலும் நாலைந்து டிகிரி இறங்கியது. ஓரம் கட்ட இடம் கிடைத்தால் கட்டுவது இன்னும் நல்லது. கொதிக்கும் எஞ்சின் மேல் குளிர்ந்த தண்ணீரை ஊற்றுவது மட்டும் கூடவே கூடாது. அலுமினிய ஹெட் கோணிவிடும், அப்புறம் அந்த இருபத்தைந்தாயிரம் நிஜமாகவே செலவாகும்.

நாளிதழும் மல்டிமீட்டரும்

வீட்டுக்கு வந்து, திறந்த பார்க்கிங்கில் ஹேண்ட்பிரேக் போட்டு நியூட்ரலில் வைத்து, ஏ.சி.யைப் போட்டு எஞ்சினை ஓட விட்டோம். கை, துண்டு, சட்டை நுனி எதுவும் ஃபேன் பக்கம் போகக் கூடாது. பல வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் தானாகக் கிளம்பும்.

நாளிதழில் ஒரு தாளைக் கிழித்து முன் கிரில்லில் வைத்தேன். நல்ல ஃபேன் தாளைக் கண்டென்சரோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளும், கையை எடுத்தாலும் விழாது. இங்கே தாள் ஒரு நொடி தயங்கி, வழுக்கிக் கீழே வந்தது. பக்கத்து பிளாக்கில் இருக்கும் அதே மாடல் வண்டியைக் கேட்டு வாங்கி அதிலும் வைத்துப் பார்த்தோம். பட்டென்று ஒட்டியது. சார் இரண்டு தடவை தாளை எடுத்து எடுத்து வைத்துப் பார்த்தார்.

காற்று குறைய வேறு வழிகளும் உண்டு. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே தூசியும் இலைச் சருகும் மெத்தையாக அடைத்திருக்கலாம், ஃபேனைச் சுற்றிய கூடு உடைந்திருக்கலாம். டார்ச் அடித்துப் பார்த்தேன், கொஞ்சம் தூசிதான். இங்கே ஃபேனே மெதுவாக ஓடியது. அதற்குக் காரணம் மோட்டார் கார்பன் தேய்ந்ததா, கரண்ட் சரியாகப் போகவில்லையா என்று பிரிக்க வேண்டும். பிரிக்காமல் புது ஃபேன் மாட்டியிருந்தால் சில ஆயிரம் செலவாகி, அதுவும் மெதுவாகவே ஓடியிருக்கும்.

அதற்கு இரண்டு முள் வைத்த சாதாரண மல்டிமீட்டர் போதும், ஆனால் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போது அளக்க வேண்டும். நிறுத்தி வைத்து எர்த் வயரை (கரண்ட் வண்டித் தகடு வழியே பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் வயர்) 'பீப்' சத்தம் வைத்துப் பார்த்தால் எல்லாம் நல்லதாகவே தெரியும். ஏனென்றால் மீட்டர் அனுப்பும் துளிக் கரண்டுக்கு வயரின் ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலே போதும். எட்டு, பத்து ஆம்பியர் போகும்போதுதான் இணைப்பின் யோக்கியதை தெரியும்.

பேட்டரியில் 13.7 வோல்ட். பேட்டரி பிளஸ்ஸுக்கும் ஃபேன் கனெக்டரின் பிளஸ்ஸுக்கும் நடுவே 0.4 வோல்ட் இழப்பு. ஃப்யூஸ், ரிலே, வயர் எல்லாம் தாண்டி வருவதால் இது சகஜம். அப்புறம் ஒரு முள்ளைப் பேட்டரி மைனஸிலும் இன்னொன்றை ஃபேனின் கறுப்பு வயரிலும் வைத்தேன். கால் வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய இடத்தில் 3.1 வோல்ட்! ஆக மோட்டாருக்குக் கிடைத்தது 10.2 வோல்ட்தான். கிளாம்ப் மீட்டரில் கரண்ட் 8 ஆம்பியர். 3.1 வோல்ட்டை 8 ஆம்பியரால் பெருக்கினால் ஏறத்தாழ 25 வாட். ரிச்சி தெருவில் பையன்கள் வைத்திருக்கும் சாலிடரிங் அயர்ன் ஒன்று அந்த எர்த் வயரில் எங்கோ மறைந்து சுட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

எங்கே என்பதைத் தேட வேண்டியிருக்கவில்லை. "இடது ஹெட்லைட் கொஞ்ச நாளா மங்கலா எரியுது, பல்ப் மாத்தணும்" என்று சார் போகிற போக்கில் சொல்லியிருந்தார். ஹெட்லைட்டைப் போட்டுப் பார்த்தால், ஃபேன் கிளம்பும்போதெல்லாம் இடது விளக்கு மட்டும் இன்னும் மங்கியது. இரண்டுக்கும் ஒரே எர்த் போல்ட்.

பம்பருக்குப் பின்னால், இடது ஹெட்லைட்டுக்குக் கீழே, தகட்டில் முறுக்கிய பத்தாம் நம்பர் போல்ட் அது. ஃபேன் ஓடி நின்றதும் விரல் வைத்தேன், வைத்த வேகத்தில் எடுத்தேன். பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு போல்ட்டைத் திருப்பியதும் பச்சையும் வெள்ளையுமாகப் பொடி உதிர்ந்தது. வயர் நுனியில் போல்ட்டுக்காக இருக்கும் உலோக வளையமான லக்கில் பாதியைக் காணோம். அதன் கழுத்தில் இன்சுலேஷன் கருகிச் சுருங்கியிருந்தது. வயரை உரித்தால் உள்ளே செம்பு கறுத்துக் கிடந்தது. இரண்டு அங்குலம் தள்ளி வெட்டிய பிறகுதான் பளிச்சென்ற செம்பு தெரிந்தது.

காரணத்துக்கு ரொம்ப தூரம் போக வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் இந்த வண்டி எங்கள் தெருவிலேயே பம்பர் மட்டத்துக்குத் தண்ணீரில் நின்றது. அப்போது ஆயில் மாற்றினார்கள், சீட்டையும் கார்ப்பெட்டையும் காய வைத்தார்கள், நாற்றம் போக வாசனைத் திரவியம்கூட அடித்தார்கள். தாழ்வாக இருக்கும் எர்த் போல்ட்டை யார் நினைப்பார்கள்? சாக்கடையும் உப்பும் கலந்த தண்ணீர் லக்குக்குள் ஏறி, மெதுவாக அரித்து, கத்திரி வெயிலில் ஏ.சி. முழு நேரமும் ஓட ஆரம்பித்தபோதுதான் வெளியே தெரிந்தது.

ரிப்பேர்

எர்த் வேலை எளிது. நல்ல செம்பு வரும் வரை வெட்டி, அதே கனத்தில் ஒரு துண்டு வயரை இணைத்து, புது செம்பு லக்கைச் சரியான கருவியால் அழுத்தி கிரிம்ப் செய்தேன். பிளையரால் நசுக்கினால் ஆறு மாதத்தில் பழைய கதைதான். மேலே சூடு காட்டினால் சுருங்கி ஒட்டும் பசையுள்ள உறை (ஹீட் ஷ்ரிங்க்). தகட்டை உப்புத்தாளால் வெள்ளி தெரியும் வரை தேய்த்து, பல் வாஷரோடு புது போல்ட்டை இறுக்கி, இறுக்கிய பிறகு மேலே வாஸ்லின் தடவினேன். முதலிலேயே தடவுவதைவிட இப்படிச் செய்வதுதான் எனக்குப் பிடிக்கும்.

ஓட விட்டு அளந்தால் எர்த்தில் இழப்பு 0.06 வோல்ட். மோட்டாருக்கு 13 வோல்ட்டுக்கு மேல் போனது, கரண்ட் 11 ஆம்பியராக ஏறியது. சத்தமே வேறு. நாளிதழ்த் தாள் ஒட்டிக்கொண்டது. இடது ஹெட்லைட்டுக்கு பல்ப் மாற்றும் வேலையும் மிச்சம்.

இதோடு நிறுத்தியிருந்தால் விளக்கு எரிவது நின்றிருக்கும், ஆனால் தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சினும் போர் தண்ணீரும் அப்படியே இருந்திருக்கும். ஜெனரல் பேட்டர்ஸ் சாலை வண்டிச் சாமான் கடைகளில் 82 டிகிரி முத்திரையுள்ள தெர்மோஸ்டாட், அதன் ரப்பர் வளையம், ரேடியேட்டர் மூடி, கூலன்ட் வாங்கினோம். மூடியில் பழையதில் போட்டிருந்த அதே பார் எண்தான் வேண்டும், கூடக் கூடாது. தெர்மோஸ்டாட்டை மாட்டும் முன் சமையலுக்கு ஆகாத ஒரு பழைய பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க வைத்து, நூலில் கட்டித் தொங்கவிட்டுத் தெர்மாமீட்டரோடு பார்த்தேன். எண்பத்திரண்டை ஒட்டி வாய் திறந்தது. கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றித் துப்பாக்கி இதற்கு உதவாது. அது மனிதக் காய்ச்சலைத் தாண்டிப் போகாது.

பழைய தண்ணீரை வடித்து, டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றி ஓட்டி மறுபடி வடித்து, வருவது தெளியும் வரை செய்தேன். வடித்ததைக் கேனில் பிடித்தோம். பழைய கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், கொடிய விஷம். தெருநாய் நக்கிக் குடித்தால் பிழைப்பது கஷ்டம். மழைநீர் வடிகாலில் விட்டால் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குத்தான் போகும். பழைய ஆயில் எடுத்துக்கொள்ளும் பட்டறை ஒன்றில் கேனைக் கொடுத்துவிட்டோம்.

புதுக் கூலன்ட்டைப் பாதிக்குப் பாதி டிஸ்டில்ட் வாட்டரோடு கலந்து ஊற்றினேன். இனி எங்கே நின்றாலும் குழாய்த் தண்ணீரை ஊற்ற விடாதீர்கள் என்று சாரிடம் கண்டிப்பாகச் சொன்னேன். காற்றை வெளியேற்றுவதில்தான் பொறுமை வேண்டும். முன் சக்கரங்களைச் சரிவில் ஏற்றி வைத்து, ஹீட்டரைத் திறந்து, மூடி இல்லாமல் எஞ்சினை ஓட விட்டால், தெர்மோஸ்டாட் திறக்கும்போது மட்டம் சடக்கென்று இறங்கும். அந்த நேரத்தில் நிரப்பி, குமிழி நிற்கும் வரை காத்திருக்க வேண்டும். உள்ளே காற்று தங்கினால் எல்லாம் புதிதாக மாட்டியும் வண்டி சூடாகும்.

உச்சி வெயிலில் ஏ.சி.யோடு நிற்க வைத்துப் பார்த்தபோது கூலன்ட் 92க்கும் 98க்கும் நடுவே ஆடியது. மாலை நெரிசலில் அதிகபட்சம் 99. ஈ.சி.ஆரில் 86க்குக் கீழே இறங்கவில்லை. சார் முக்கியமாகப் பார்த்தது சிக்னலில் ஏ.சி. குளிர்கிறதா என்பதை. குளிர்ந்தது. சாமான் செலவு மொத்தம் இரண்டாயிரத்து சொச்சம், அதில் பாதிக்கு மேல் கூலன்ட்டும் தெர்மோஸ்டாட்டும். நோய்க்கு மருந்தான லக்கும் போல்ட்டும் நூறு ரூபாய்கூட வரவில்லை.

ஒரு விஷயம் நிலுவையில் இருக்கிறது. டேப் ஒட்டி இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரில் ரேடியேட்டரை வரிசையாகப் பார்த்தபோது கீழ்மூலையில் ஒரு பட்டை மற்ற இடங்களைவிடக் குளிர்ச்சியாக இருந்தது. அங்கே சில குழாய்கள் சுண்ணாம்பால் அடைத்திருக்கின்றன. இப்போதைக்குத் தாங்கும், அடுத்த கோடைக்குள் ரேடியேட்டரை மாற்றச் சொல்லியிருக்கிறேன். மற்ற எர்த் போல்ட்டுகளையும் கழற்றித் தேய்த்து வாஸ்லின் போட்டாயிற்று. வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் ஃபேனை ஓட விட்டு அதே இரண்டு இடங்களில் மறுபடி வோல்ட் பார்ப்பதாகப் பேச்சு. மழை எச்சரிக்கை வந்தால் வண்டியை வேளச்சேரி மேம்பாலத்தில் ஏற்றிவிடுவேன் என்கிறார் சார். இடம் கிடைத்தால் சரி.